சுவரில் நிற்கும் முக்கோணி, பாயில் கிடக்கும் முக்கோணி

இலங்கையின் வடக்கில், வன்னியில் அநேகமான முன்பள்ளிச் சுவர்களில் அந்த நாலு பேரையும் பார்க்கலாம். சிவப்பு முக்கோணி, மஞ்சள் வட்டம், நீலச் சதுரம், பச்சைச் செவ்வகம். நிறம் இடத்துக்கிடம் மாறும். நிற்கிற விதம் மாறாது. முக்கோணி மூன்று பக்கமும் சமனாக, அடியை நிலத்தில் ஊன்றி, கூரை முகடு மாதிரி நிமிர்ந்து நிற்கும். சதுரம் பெட்டி வைத்தது போல நேராக இருக்கும். ரீச்சர் காட்டுதடியால் தொடத் தொடப் பிள்ளைகள் ஒரே இழுவையில் பெயர் சொல்வார்கள். பார்க்க வந்தவர்கள் கை தட்டுவார்கள். அதே முக்கோணியை மட்டையில் வெட்டி, முகடு கீழே பார்க்கத் திருப்பிப் பிடித்தால் வகுப்பில் பாதி வாயை மூடிக்கொள்ளும். துணிந்த ஒன்று எழும்பிச் சொல்லும்: "அது முக்கோணி இல்லை ரீச்சர். கவிண்டு கிடக்கு." நீலச் சதுரத்தை ஒரு மூலையில் நிறுத்திக் காட்டினால் "பட்டம்" என்று பதில் வரும்.

பிழை என்று திருத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளை தனக்குக் காட்டியதைத்தான் திருப்பிச் சொல்கிறது. கதிரை கவிழ்ந்து கிடந்தாலும் அதற்குக் கதிரைதான். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாலும் கோப்பைதான். கதிரையைச் சுற்றி வந்திருக்கிறது, கவிழ்த்து அடி வாங்கியிருக்கிறது. முக்கோணியை அது ஒருநாளும் சுற்றி வரவில்லை. போதாததற்கு, அதே சுவரில் பக்கத்திலேயே அகரமும் ஆகாரமும் தொங்குகின்றன. 'அ'வைத் தலைகீழாக எழுதினால் அது எழுத்தே இல்லை என்று அதே ரீச்சர்தான் கண்டிக்கிறார். எழுத்துக்கு மேல் கீழ் உண்டு, உருவத்துக்கு இல்லை என்று யார் அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்கள்?

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதி பியேர் வான் ஹீலேயும் டினா வான் ஹீலேயும் 1957இல் கேத்திர கணிதச் சிந்தனை படிப்படியாக வளர்வதைத் தங்கள் ஆய்வேடுகளில் எழுதினார்கள். அவர்கள் சொன்ன முதற்படி இதுதான்: பிள்ளை உருவத்தை அதன் முழுத் தோற்றத்தால் அறிகிறது, பக்கம், மூலை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. "கூரை மாதிரி இருக்கு, ஆகவே முக்கோணி." முன்பள்ளிப் பிள்ளை அந்தப் படியில் நிற்பது இயல்பு. அதற்குக் கேத்திர கணிதம் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் முதற்படியில் நிற்கிற பிள்ளைக்கு ஒரேயொரு தோற்றத்தை மட்டும் ஒரு வருடம் காட்டினால், அந்தத் தோற்றமே உருவமாக இறுகிவிடும். பிறகு முதலாம் ஆண்டு ரீச்சர்தான் அதை உடைக்க வேண்டும்.

சுவருக்கு மேல் கீழ் உண்டு. பாய்க்கு இல்லை. பனையோலைப் பாயின் நடுவில் ஒரு முக்கோணி மட்டையைப் போட்டு ஆறு பிள்ளைகளைச் சுற்றி இருத்தினால், ஆறு பேரும் ஆறு விதமாகப் பார்க்கிறார்கள். ஒருத்திக்கு அது கூரை. எதிரே இருப்பவனுக்கு அது கவிழ்ந்தது. பக்கத்தில் இருப்பவளுக்கு அது அம்புக்குறி. இந்த இடத்தில் ரீச்சர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மிகக் கடினமான வேலை. அரை நிமிடத்தில் சண்டை தொடங்கும்: "முக்கோணி!" "இல்லை, கவிண்டு கிடக்கு!" "இஞ்ச வந்து பார்!" அந்த "இஞ்ச வந்து பார்"தான் முழுப் பாடமும். எதிரே இருந்தவன் எழும்பி இந்தப் பக்கம் வந்து குனிந்து பார்க்கிறான். மட்டை அசையவில்லை, அசைந்தது தான்தான் என்பது அவனுக்குப் பிடிபடுகிறது. ஒருநாளில் எல்லாருக்கும் பிடிபடாது. சிலர் மட்டையை இழுத்துத் தங்கள் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு "இப்ப சரி" என்பார்கள். அதுவும் நல்ல பதில். திருப்பினால் சரியாகிவிடும் என்றால், அது வேறொரு பொருளாக மாறவில்லை என்பதைக் கை ஒப்புக்கொண்டுவிட்டது.

ஈர்க்கும் களியும்

படத்தைத் தொடுவதை விட, வெட்டிய மட்டையைத் தொடுவது நல்லது. அதைவிட நல்லது உருவத்தைப் பிள்ளையே கட்டுவது. அதற்குக் கடையில் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. ஒரு புது விளக்குமாற்றின் தென்னை ஈர்க்கு ஆறு பிள்ளைகளுக்குப் போதும். அடிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். நுனி வளையும், வளைந்த ஈர்க்கில் பிள்ளை நேர்ப்பக்கம் காண முடியாது. 5, 9, 13 செ.மீ. என்று மூன்று நீளங்களில் வெட்டி, இரு முனையையும் மணல்தாளில் நாலு இழுவை இழுத்து மொட்டையாக்க வேண்டும். கூர் விட்டால் கண்ணில் படும். ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு நீளத்திலும் நாலு, மொத்தம் 12. மூலைகளுக்குப் போளை அளவு களி உருண்டைகள், ஆளுக்குப் பத்து. ஆறு பேருக்குமாக ஒரு தோடம்பழ அளவு களி போதும்.

களி குளத்துக் களியாகவோ புற்றுமண்ணாகவோ இருக்கலாம். புற்றை உடைத்து எடுக்கப் போகிறவர் பெரியவராக இருக்கட்டும், உள்ளே ஆர் குடியிருக்கிறார் என்று தெரியாது. வேரும் குறுணிக் கல்லும் பொறுக்கி, ஒரு இரவு ஊறவிட்டுப் பிசைந்து, பென்சில் தடிப்புக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் தண்ணீர் காணாது. விரலில் ஒட்டினால் கூடிவிட்டது, ஒரு பழைய சீலைத்துணியில் பொதிந்து ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் கூடிய உருண்டையில் ஈர்க்கு நிற்காது, சாய்ந்து விழும். பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகும். கோதுமை மாவில் உப்புப் போட்டுப் பிசைந்தும் செய்யலாம். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு, கிட்டத்தட்ட ஒரு கோப்பை தண்ணீர். மாரியில் அது கசகசத்துப் போகும். அதைவிட முக்கியம், சாப்பாட்டு மாவை விளையாட்டுக்குப் பிசைவதை இங்கே பல அம்மாமார் விரும்புவதில்லை. அது நியாயம். களியே போதும்.

முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். வண்டி, முள்ளுப்பன்றி, பிறந்தநாள் கேக் எல்லாம் வரும். இரண்டாம் நாள் "மூன்று ஈர்க்கு எடுத்து, தலையும் வாலும் முட்டுகிற மாதிரி மூடிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். 'முக்கோணி' என்ற சொல் இன்னும் வேண்டாம். மூடினது, திறந்தது என்ற வேறுபாடு மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஆட்டுப் பட்டியை மூடாவிட்டால் ஆடு போய்விடும் என்பது அதற்குத் தெரிந்த விஷயம். ஒரே நீளத்தில் மூன்று எடுத்தவளுக்குச் சுவரில் இருக்கிற மாதிரி ஒன்று வரும். 9, 9, 5 எடுத்தவனுக்கு ஒடுக்கமாக வரும். 5, 9, 13 எடுத்தவளுக்கு ஒரு பக்கம் படுத்த, நலிந்த முக்கோணி வரும். "இது வடிவில்லை" என்று அவள் அழிக்கப் பார்ப்பாள். அழிக்க விடாமல் மூன்றையும் பாயின் நடுவில் வைக்க வேண்டும்.

ஒருவன் 5, 5, 13 எடுத்திருப்பான். எடுக்காவிட்டால் ரீச்சர் எடுக்க வைக்க வேண்டும். நீட்டுத் தடியின் இரண்டு அந்தத்திலும் குட்டைத் தடிகளைக் குத்தி, அவற்றை ஒன்றோடொன்று முட்ட வைக்கப் பார்ப்பான். அவை சாயும், இன்னும் சாயும், நீட்டுத் தடியின் மேலேயே படுத்துவிடும். நடுவில் இடைவெளி அப்படியே இருக்கும். களியை இழுத்து நீட்டுவான். அறுந்துவிடும். "எட்டுதில்லை" என்பான். அந்த ஒரு சொல்லுக்குள், இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தை விடக் கூட இருக்க வேண்டும் என்ற தேற்றம் முழுதாக இருக்கிறது. அதை அவனுக்கு விளக்கப் போகாதீர்கள். "எந்தத் தடியை மாத்தினால் எட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். சிலர் குட்டையை நீட்டாக மாற்றுவார்கள், சிலர் நீட்டைக் குட்டையாக மாற்றுவார்கள். இரண்டும் சரி. நீளங்களைக் கண்டபடி வெட்டினால் இந்த இடம் குழம்பும்: 5, 5, 10 என்று இருந்தால் களி உருண்டையின் தடிப்பே இடைவெளியை நிரப்பி, மூடக் கூடாதது மூடியது போலக் காட்டும். அதனால்தான் 5, 9, 13.

சதுரம் வேறொரு கதை சொல்லும். நாலு சம ஈர்க்கும் நாலு உருண்டையும் வைத்துக் கட்டிய சதுரத்தை ஒரு மூலையில் மெல்லத் தள்ளினால் அது சரியும். முக்கோணியைத் தள்ளினால் சரியாது. "ஏன் சரியுது?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் படலையைக் காட்டுங்கள். தடியில் செய்த படலையில் குறுக்கே ஒரு தடி சாய்வாகப் போயிருக்கும். திரும்பி வந்து சதுரத்துக்கும் ஒரு குறுக்குத் தடி வைக்கச் சொன்னால், 13 செ.மீ. ஈர்க்கு 9 செ.மீ. சதுரத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும். சரிந்து போன சதுரம் இனிச் சதுரமில்லை என்பதையும் இங்கேயே பேசலாம்: பக்கங்கள் மாறவில்லை, மூலைகள் மாறிவிட்டன. மூலையில் நிறுத்திய சதுரத்தையும் சரிந்த சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது திரும்பியது, எது மாறியது என்று ஐந்து வயதுப் பிள்ளை பிரித்துச் சொல்லும். படத்தில் இரண்டுக்கும் "பட்டம்" என்ற ஒரே பெயர்தான் கிடைத்திருக்கும்.

எண்ணுகிற விரல் தொடங்கிய இடத்தை மறந்துவிடும்

"முக்கோணிக்கு மூன்று மூலை" என்று பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாட்டு வாயில் இருக்கும், விரல் வேறெங்கோ இருக்கும். நாலு வயதுப் பிள்ளையை மூலை எண்ணச் சொல்லிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும். எண்ணத் தெரியாமல் இல்லை. மூடிய உருவத்தில் எங்கே தொடங்கினோம் என்பது நினைவில் நிற்பதில்லை. இதற்குப் புளியங்கொட்டைதான் மருந்து. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள், எல்லா மூலைக்கும் வைத்தானதும் கொட்டைகளை வரிசையாக அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். வட்டத்தில் எங்கே கொட்டை வைப்பது என்று கேட்பார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "வைக்க இடமில்லை" என்று அவர்களே சொல்ல விட வேண்டும். மூக்கிலும் காதிலும் போடுகிற மூன்று வயதுக்காரருக்குக் கொட்டை வேண்டாம், போத்தல் மூடி போதும்.

அடுத்தது தரம் பிரிப்பது. இதில்தான் கடைச் சாமான்கள் ஏமாற்றுகின்றன. பிளாஸ்ரிக் உருவப் பெட்டிகளில் எல்லா முக்கோணியும் ஒரே அச்சு, பெரும்பாலும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு நிறம். பிள்ளை நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். ரீச்சர் அது உருவம் தெரிந்த பிள்ளை என்று எழுதிவிடுவார். வீட்டிலேயே செய்யுங்கள். ஒரே காட்போட் பெட்டியில், ஒரே நிறத்தில் 10 துண்டுகள். ஆறு முக்கோணி: சமபக்கம் ஒன்று, ஊசி மாதிரி ஒடுக்கமானது ஒன்று, ஒரு மூலை சுவர்மூலை போல நிமிர்ந்தது ஒன்று, படுத்துக் கிடப்பது ஒன்று, மிகப் பெரியது ஒன்று, மிகச் சிறியது ஒன்று. நாலு போலி: ஒரு பக்கம் வயிறு வைத்தது, ஒரு மூலையை வெட்டி மொட்டையாக்கியது, மூலைகளை உருட்டியது, ஒரு பக்கம் உள்ளே மடிந்தது. போலிகள் இல்லாத பாடம் அரைப் பாடம். எது இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எது ஆம் என்பதும் தெரியாது. இரண்டு கயிற்று வளையங்களுக்குள் "சேர்க்கலாம்", "சேர்க்கேலாது" என்று போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" என்று கேளுங்கள். "கூர் இல்லை", "வயிறு இருக்கு" என்று பதில் வரும். "நேர்கோடு", "உச்சி" எல்லாம் பின்னர் வரலாம்.

மட்டையில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு கிழமையில் மூலைகள் நைந்து சதுரமும் வட்டமும் ஒன்றாகிவிடும். மூன்று மட்டையை மாப்பசையால் ஒட்டி, மேலே கல் வைத்து ஒரு இரவு அமர்த்தி, பிறகு வெட்டினால் ஒரு தவணை தாங்கும். தச்சுப்பட்டறையில் கழிக்கிற 8 அல்லது 10 மி.மீ. பிளைவுட் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. விளிம்பைத்தான் தேய்க்க வேண்டும், மூலையைத் தேய்த்து உருட்டிவிடக் கூடாது. பாரமான துண்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கச்சுவர் அரையளவே இருக்கிற கொட்டகையில் சோளகம் வீசத் தொடங்கினால் காகித உருவங்கள் ஒன்றும் பாயில் தங்காது. பாடம் துரத்திப் பிடிப்பதில் முடியும். இதே பலகைத் துண்டுகள் துணிப்பைக்குள்ளும் போகும். உள்ளங்கையில் அடங்க 6 அல்லது 7 செ.மீ. அகலம். பைக்குள் மூன்றே மூன்று உருவம் போட்டு, வெளியே வைத்திருக்கிற ஒன்றின் சோடியைக் கண் பார்க்காமல் கை எடுக்க வேண்டும். ஆறேழு போட்டால் பிள்ளை தடவாது, கைக்கு வந்ததை இழுத்துப் போடும். மரியா மொண்டெசோரி பிள்ளைகளை உருவத்தின் விளிம்பை இரண்டு விரலால் தடவ வைத்தது இதற்காகத்தான். அவர் 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய பெயரைப் பலகையில் எழுதுகிற இடங்கள் அந்த இரண்டு விரலையும் நினைவில் வைத்திருக்கலாம்.

பெட்டி சதுரமில்லை

"உங்கட வீட்டில சதுரமா என்ன இருக்கு?" என்று கேட்டால் "பெட்டி" என்கிறார்கள், ரீச்சரும் தலையாட்டுகிறார். பெட்டிக்கு ஆறு முகம். சதுரம் அதில் ஒரு முகமாக இருக்கலாம், அவ்வளவுதான். இதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது, ஈர மணலில் குத்தி எடுத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். ஒரு தட்டில் மூன்று விரல் ஆழத்துக்கு மணல் போட்டு, கையால் அமர்த்தினால் அச்சு நிற்கிற அளவுக்கு நனையுங்கள். நெருப்புப்பெட்டியை மூன்று விதமாகக் குத்தினால் மூன்று வேறு அளவில் செவ்வகம் வரும். பால்மா ரின்னை நிறுத்திக் குத்தினால் வட்டம். படுக்க வைத்து உருட்டினால் நீட்டுப் பாதை. மீன் ரின் வேண்டாம், வாய் விளிம்பு கை வெட்டும். பந்து எப்படிப் போட்டாலும் ஒரே வட்டக் குழிதான். புதுசாக, விறைப்பாக இருக்கிற நீத்துப்பெட்டி கிடைத்தால் நிலத்தில் படுக்க வைத்து உருட்டச் சொல்லுங்கள்: நேரே போகாது, தன் கூர்முனையைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே வரப் பார்க்கும். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து அதை இருபது தரம் உருட்டுவார்கள். புட்டு அவிக்கிற சாமானைக் கூம்பு என்று அழைக்க அதற்கு மேல் பாடம் தேவையில்லை. ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் தன் விளையாட்டுப் பொருட்களில் பந்து, உருளை, கனசதுரம் என்று கையில் பிடிக்கிறவற்றை முதலில் வைத்து, தட்டையான உருவங்களைப் பின்னால் வைத்தது கவனிக்கத்தக்கது. பிள்ளை வாழ்கிற உலகத்தில் தடிப்பில்லாத பொருள் ஒன்றும் இல்லை.

பொருள் சேர்க்கிற வேலையைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகளை வேலிக்கு அப்பால் "வட்டமானது பொறுக்கிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பாதீர்கள். போர் முடிந்தது 2009இல்; நிலத்துக்குள் வெடிக்காமல் கிடக்கிற இரும்புக்கு அது தெரியாது. சேர்ப்பவர் பெரியவர், பிள்ளைகளின் வேலை வீட்டிலிருந்து மூடியும் பெட்டியும் கொண்டுவருவது.

கீறுவது எல்லாவற்றுக்கும் கடைசி. வட்டத்தைப் பார்த்துக் கீற மூன்று வயதிலும், சதுரத்தை நாலை அண்டியும், முக்கோணியை ஐந்தை அண்டியும் கை பழகும். சாய்ந்த நாற்பக்கத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் வேண்டும். சாய்கோடு கைக்குக் கடினம், கண்ணுக்கு இல்லை. நாலு வயதில் முக்கோணி கீற வராத பிள்ளை உருவம் தெரியாத பிள்ளை அல்ல. ஆனால் பெற்றோர் கேட்பது கொப்பி. ஈர்க்கும் களியும் மாலையில் கலைந்துவிடும், வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஒன்றும் இல்லை. ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிரம்பினால் அந்த வருடமே முதலாம் ஆண்டு என்பதால் அவர்களுடைய அவசரமும் விளங்கக்கூடியதுதான். இதற்கு ஒரு குறுக்கு வழி: பிள்ளை கட்டிய உருவத்தை அப்படியே ஒரு தாளில் வைத்து, மூலைகளில் மட்டும் பென்சிலால் புள்ளி போடச் சொல்லுங்கள். ஈர்க்கை எடுத்துவிட்டுப் புள்ளிகளைச் சேர்த்தால் கொப்பியில் ஒரு முக்கோணி இருக்கும். அதுவும் அந்தப் பிள்ளையினுடைய முக்கோணி, சுவரில் இருப்பதன் நகல் அல்ல.

வீதியும் உதவிக்கு வரும். ஏ9 வழியே அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னால் இருந்து வருகிற பிள்ளை, மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளைத் தினமும் பார்க்கிறது. அவை மூலையில் நிற்கிற சதுரங்கள். கிளைவீதியில் வழிவிடச் சொல்கிற பலகை கவிழ்ந்த முக்கோணி. பாயில் சண்டை பிடித்துப் பழகிய பிள்ளைகள் மறுநாள் வந்து இதைச் சொல்லும்.

சுவரில் பூசிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நன்கொடையாளர் பெயரும் அதன் கீழே இருக்கும். பிறிஸ்ரல் போட்டில் செய்த படம் என்றால் நாலு மூலையிலும் ஆணி அடிக்காதீர்கள். உருவங்களைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஆணி, நிலத்திலிருந்து 80 செ.மீ. உயரத்தில், பிள்ளையின் கை எட்டுகிற மாதிரி. ஆணிக்கும் மட்டைக்கும் நடுவில் ஒரு போத்தல் மூடியை ஓட்டை போட்டுக் கொடுத்தால் துளை கிழியாது. ஆணியை முழுக்க இறுக்காமல் ஒரு நூல் இடம் விட்டால் மட்டை சுழலும். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.